கீழ்வயல் களர் நிலத் திருத்தப் பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

அனைவருக்கும் வணக்கம்.

கீழ்வயல் பணி முடிந்தது. உழவு, வரப்பு, மட்டம் மூன்றும் பேசியபடி நடந்தன. கேள்வி எல்லாம் வடிகால் மேல்தான். "ஜிப்சத்துக்குக் கொடுத்த பணத்தைப் பள்ளம் தோண்டியே தீர்த்துவிட்டார்கள்" என்ற பேச்சு காவேரிப்பட்டணம் சந்தை வரை போயிருக்கிறது.

களர் மண்ணைக் கெடுப்பது சோடியம். ஜிப்சத்தின் சுண்ணாம்புச் சத்து அதைப் பெயர்த்துத்தான் விடும். பெயர்ந்த உப்பைத் தண்ணீர்தான் வயலை விட்டு வெளியேற்ற வேண்டும். கால்வாய்த் தண்ணீர் வந்து தேங்கும் பள்ளக்காட்டில் வடிகால் இல்லாமல் மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும், வெயில் ஏறியதும் மறுபடி வெள்ளையாகப் பூக்கும். அதனால் வடிகாலை முதலில் வெட்டினோம். இன்று கேட்டாலும் அதையேதான் செய்வோம்.

பொக்லைன்காரரிடம் பேசியது மொத்த வேலைக்கு ஒரே தொகை. ஓடை முனையில் பாறை வந்ததும் மணிக்கணக்கு வாடகை கேட்டார். நம் மாவட்டத்தில் தோண்டினால் பாறை வரும் என்பது இந்த வட்டாரத்திலேயே வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரியாதா? மறுத்தோம். மூன்றடி பேசிய இடத்தில் ஒன்றரை அடியோடு நிறுத்தி, இரவோடு இரவாக வண்டியை எடுத்துப் போய்விட்டார். மீதித் தொகையை நிறுத்தி வைத்தோம். அப்புறம் பொருளாளர் வீட்டு வாசலில் அவர் சத்தம் போட்டதும், நம் உறுப்பினர் ஒருவரே அவருக்குப் பரிந்து பேசியதும் ஊரறிந்த கதை. கம்ப்ரசர் வைத்துப் பாறையை உடைத்து, மிச்சத்தை ஆள் விட்டு வெட்டினோம். நிறுத்திய தொகை அதற்கே சரியாகப் போகவில்லை. துண்டு விழுந்ததைக் கமிட்டியார்தான் கைப்பணம் போட்டுக் கட்டினோம். இதைச் சொல்லிக்காட்ட எழுதவில்லை, கணக்கில் இருப்பதால் எழுதுகிறோம்.

தெற்கு மூலைக்காரர்கள் தங்களுக்கு மட்டும் ஜிப்சம் இல்லையே என்கிறார்கள். மண் பரிசோதனைச் சீட்டைப் பாருங்கள். காரத்தன்மையைக் காட்டும் பி.எச். 8.5-க்குக் கீழே, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் (டெசிசீமன்ஸ்/மீட்டர்) 4-க்கு மேலே. அது களர் அல்ல, கரையும் உப்பு மிகுந்த உவர் நிலம். நல்ல தண்ணீர் கட்டி வடித்தாலே சரியாகும். அங்கே ஜிப்சம் போட்டால் பணத்துக்குத்தான் கேடு.

மற்ற வயல்களில் ஜிப்சத்தை மேல்மண்ணோடு கலந்து, நான்கு அங்குலம் தண்ணீர் தேக்கி வடித்து, பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டை மடக்கி உழுது, ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட் இட்டு, களர் தாங்கும் திருச்சி 1 நெல் நட்டாயிற்று. கேழ்வரகு கேட்டவர்கள் அடுத்த பட்டத்தில் மேட்டு வயலில் போடலாம்.

ஜிப்சம் லாரி வாடகை தந்த ரைஸ்மில்காரர், ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள், தக்கைப்பூண்டு விதை தந்த மேலத்தெருப் பெரியவர், வெட்டாட்களுக்கு மதியச் சோறு போட்ட மகளிர் குழுவினர், மாந்தோப்பு ஏலத்தில் ஒரு பங்கை எழுதிக் கொடுத்த பங்காளிகள், டிராக்டரை டீசல் செலவுக்கே ஓட்டிய தம்பி, பெயர் போட வேண்டாம் என்ற இருவர்: எல்லோருக்கும் நன்றி. யார் எவ்வளவு என்ற பட்டியல் பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

வடிகாலில் கரும்புத் தோகை போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். கம்ப்ரசர் டீசல் ரசீது இரண்டு இன்னும் வரவில்லை. வைத்திருப்பவர் பொருளாளரிடம் சேர்த்துவிடவும்.

இப்படிக்கு,
கீழ்வயல் பாசனக் கமிட்டி