மிளகுக்கொடியும் மின்கம்பியும்

கோத்தகிரி,
மாசி மாதம்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் நலம். இந்த ஆண்டு உறைபனி தை முடிந்தும் விடாமல் விழுந்ததில் பள்ளத்துத் தேயிலை கருகிப்போயிற்று. பசுந்தேயிலை விலையைப் பற்றித் தொடங்கினால் கடிதம் முழுவதும் அதுவே ஆகிவிடும், அதனால் விட்டுவிடுகிறேன். நீ எழுதிய செய்திதான் மனத்தை வாட்டியது. ஓராண்டு காத்திருந்த மிளகைக் கொடியிலேயே சரம் சரமாக உருவிக்கொண்டு போனதும் போதாமல், களத்தில் காய்ந்துகொண்டிருந்ததையும் ஒரே இரவில் அள்ளிச் சென்றுவிட்டார்கள் என்றால், மறுநாள் காலையில் நீ எந்த மனநிலையில் அங்கே நின்றிருப்பாய் என்பது எனக்குப் புரிகிறது. காவல் நிலையத்தில் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு உன்னை அனுப்பிவிட்டார்கள் என்பதில் எனக்கு வியப்பு இல்லை.

இரண்டு கேள்விகளைக் கேட்டு, "நீ வழக்காடிய ஆள், சுற்றி வளைக்காமல் சொல்" என்றும் எழுதியிருக்கிறாய். துப்பாக்கி உரிமம் வாங்கி வைத்துக்கொண்டு, தோட்டத்தில் நுழைகிறவனைச் சுட்டால் சட்டம் உன்னைக் காக்குமா என்பது ஒன்று. அது ஆகாதென்றால் வேலியில் மின்சாரம் பாய்ச்சிவிடலாமா என்பது மற்றொன்று. முதலாவதற்குப் பெரும்பாலும் காக்காது என்பதும், இரண்டாவதற்கு ஒருபோதும் கூடாது என்பதும் என் விடை. காரணத்தைத்தான் சற்று விரித்து எழுத வேண்டியிருக்கிறது.

தன் உடைமையைக் காத்துக்கொள்ளப் பலத்தைப் பயன்படுத்தும் உரிமை நமக்கு உண்டு, அதில் ஐயம் வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் இதைத்தான் பேசுகின்றன; பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தவையே பெரிய மாற்றமின்றி இங்கே வந்திருக்கின்றன. திருடனை மறித்து நிறுத்தலாம், தேவையான அளவுக்கு அடித்து விரட்டலாம், பொருளைப் பிடுங்கி மீட்கலாம். ஆனால் உயிரைப் போக்கும் அளவுக்கு அந்த உரிமை நீள்வதற்கு 41ஆம் பிரிவு நான்கு சூழல்களை மட்டுமே ஏற்கிறது. கொள்ளை ஒன்று. சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் வீட்டை உடைத்து நுழைவது இன்னொன்று. மனிதர் குடியிருக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீயாலோ வெடிபொருளாலோ சேதம் விளைவிப்பது மூன்றாவது. திருட்டோ சேதமோ வீட்டில் அத்துமீறி நுழைவதோ, தடுக்காவிட்டால் உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்சும்படி நடப்பது கடைசி. மற்றத் திருட்டுகளுக்கு மரணம் தவிர்த்த தீங்கை மட்டுமே விளைவிக்கலாம் என்கிறது 42ஆம் பிரிவு. இவை அனைத்தையும் 37ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது: அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது, நேரம் இல்லாதபோதும் தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாது.

இதை உன் தோட்டத்தில் வைத்துப் பார். கொடியிலிருந்து மிளகை உருவுகிறவன் வெறும் திருடன். களத்தில் அள்ளுகிறவனும் அப்படியே, அவன் அள்ளுவது லட்ச ரூபாய்ச் சரக்காக இருந்தாலும். அதே ஆள் இரவில் உன் கிடங்கின் பூட்டை உடைத்தால் நிலை மாறுகிறது, ஏனென்றால் பொருள் வைக்கும் கட்டடத்தையும் சட்டம் வீட்டோடு சேர்த்தே பேசுகிறது. நீ டார்ச் அடித்ததும் அவன் ஓடாமல் அரிவாளை ஓங்கினால், அந்தக் கணத்தில் திருட்டு கொள்ளையாகிவிடுகிறது. மூட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடினால் உன் உரிமையும் அவனோடு ஓடிவிடுகிறது. 1960களில் வந்த ஜெய் தேவ் வழக்கில், நிலத்தகராறில் அபாயம் நீங்கி எதிராளிகள் ஓடத் தொடங்கிய பிறகு அவர்கள்மீது சுட்டதைத் தற்காப்பு என்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நீதிமன்றங்கள் ஈரமற்றவை என்று எண்ணிவிடாதே. 1950இல் மத்தியப் பிரதேசத்துக் கட்னியில் நடந்த கலவரத்தில், கடைக்கதவைக் கும்பல் தடிகளால் இடித்துக்கொண்டிருந்தபோது சுட்ட அம்ஜத் கானை அதே நீதிமன்றம் விடுதலை செய்தது. உயிரச்சத்தில் ஒருவன் செய்ததைப் பின்னால் பொற்கொல்லன் தராசில் வைத்து நிறுக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நல்லெண்ணத்தோடு தற்காப்பின் எல்லையை மீறிவிட்டவனுக்கும், கொலைக்குற்றம் குறைந்து கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாக ஆவதற்கு வழி உண்டு. அதுவும் சிறைக்குப் போகும் வழிதான் என்பதை மறக்காதே.

இடையில் ஒன்று சொல்கிறேன். பழைய சட்டத்தில் "இரவில்" என்றிருந்ததைப் புதிய சட்டம் சூரியனைக் கொண்டு அளக்கிறது. நம் ஊர்களில் மழைக்காலத்தில் பகல் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி, எதிரே நிற்பவன் முகம் தெரியாமல் போய்விடும். அந்த நேரத்தில் பூட்டை உடைப்பவனைச் சட்டம் பகல் திருடனாகவே நடத்தும். மலைக்காரர்களைக் கேட்டு எழுதிய பிரிவு அல்ல அது.

ஆனால் அதை முதலில் எழுதியவருக்கு நம் மலை தெரியாமல் இல்லை. கவர்னர் ஜெனரல் பென்டிங்க் பிரபுவைச் சந்திப்பதற்காக 1834இல் உதகைக்கு வந்த மெக்காலே, அந்த ஆண்டின் மழைக்காலத்தை இங்கேதான் கழித்தார். அவர் தலைமையில் உருவான தண்டனைச் சட்ட வரைவு 1837இல் முடிந்தது. அது 1860இல் சட்டமானபோது அவர் உயிரோடு இல்லை. இந்நாட்டு மக்கள் கொடுமையை எதிர்க்காமல் அடங்கிப்போகிறவர்கள் என்பது அவருடைய எண்ணம். அதனால் தற்காப்பு உரிமையை இறுக்குவதைவிடத் தாராளமாகக் கொடுத்து அவர்களுக்குத் துணிவூட்ட வேண்டும் என்றே அந்த வரைவின் குறிப்பில் எழுதினார். நம்மைப் பற்றிய அந்தக் கணிப்பை நான் ஏற்கவில்லை. ஆயினும் இவ்வளவு தாராளமாகக் கொடுக்க நினைத்தவரே, தோட்டத்துத் திருடன் உயிரை எடுக்க இடம் தரவில்லை என்பதைக் கவனி.

நான் சட்டப் புத்தகத்தை மூடி வைத்த பிறகும் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதுதான். அந்த நான்கு சூழல்களில் எதிலும் ரூபாய்க் கணக்கே இல்லை. ஒரு மூட்டை சோளம் மட்டும் கிடக்கும் குடிசைக்குத் தீ வைப்பவன் அங்கே இருக்கிறான். திறந்த களத்திலிருந்து ஓர் ஆண்டு விளைச்சலையே வாரிக்கொண்டு போகிறவன் அங்கே இல்லை. உடைமையைக் காக்கும் பிரிவு என்று தலைப்பு இருந்தாலும், அது காப்பது உடைமைக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்குகிற மனிதர்களைத்தான்.

நீ இதற்கு என்ன சொல்வாய் என்பது தெரியும், கடிதத்திலேயே சொல்லிவிட்டாய்: "அவன் திருடியது மிளகை அல்ல, என் ஓராண்டு வாழ்வை." இது லேசாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல. கடனும் உரமும் கூலியும், மகளுக்குக் கட்ட வேண்டிய பணமும் அந்தக் களத்தில்தான் கிடந்தன; பொருள் வேறு உயிர் வேறு என்று வயிறு நிறைந்தவர்கள் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனாலும் யோசித்துப் பார். எடையில் ஏமாற்றுகிற வியாபாரியும், ஏலச்சீட்டு நடத்தி ஊரையே மொட்டையடித்துவிட்டு ஓடிப்போனவனும் உன் வாழ்விலிருந்து இதைவிட அதிக ஆண்டுகளை எடுத்திருக்கிறார்கள். அவர்களைச் சுட வேண்டும் என்று நீ ஒருநாளும் எழுதியதில்லை. பெரிய இழப்புக்குத் துப்பாக்கியைத் தேடாத நாம் சிறிய இழப்புக்குத் தேடுகிறோம் என்றால், நம்மைத் தூண்டுவது இழப்பு அல்ல. இருட்டில் நம் எல்லைக்குள் ஒருவன் நடமாடினான் என்ற அச்சமும் அவமானமும்தான். அச்சத்துக்குச் சட்டம் இடம் தந்திருக்கிறது. அவமானத்துக்குத் தரவில்லை, தரவும் கூடாது என்பேன்.

இனி மின்கம்பி. பீகாரில் செருபின் கிரிகரி என்பவர், பக்கத்து வீட்டார் தன் கழிப்பறையைப் பயன்படுத்துவதைத் தடுக்க, போகும் வழியில் மின்சாரம் பாயும் வெறுங்கம்பியைக் கட்டிவைத்தார். அதைத் தொட்ட பக்கத்து வீட்டுப் பெண் இறந்துபோனார். தன் இடத்தைக் காக்கும் உரிமை எனக்கு உண்டு, வந்தவர் அத்துமீறி வந்தார் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 1963இல் நிராகரித்து, அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றத்தை உறுதி செய்தது. அத்துமீறி வந்தவர் என்பதற்காக ஒருவர் சட்டத்தின் காப்பை இழந்துவிடுவதில்லை என்பதே அங்கே சொல்லப்பட்டது. அன்று இரண்டாண்டாக இருந்த அந்தக் குற்றத்தின் உச்சத் தண்டனை இன்று புதிய சட்டத்தின் 106ஆம் பிரிவில் ஐந்தாண்டு. உயிர் போகும் என்று தெரிந்தே செய்தாய் என்று காட்டிவிட்டால் கொலையாகாத மரணம் விளைவித்ததற்கான, அதைவிடக் கடுமையான 105ஆம் பிரிவு காத்திருக்கிறது. இங்கிலாந்தில் இதே வேலைக்கு, கம்பியில் கால் இடறினால் தானே வெடிக்கும் துப்பாக்கிகளைத் தோட்டங்களில் பதுக்கி வைத்தார்கள். அதை 1827இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அதற்கு முன்பே ஒரு டூலிப் மலர்த் தோட்டத்தில் அப்படிச் சுடப்பட்டவன் பூத் திருட வந்தவன் அல்லன். பக்கத்தார் வீட்டிலிருந்து தப்பி ஓடிய மயிலைப் பிடித்துக்கொடுக்கச் சுவரேறிய இளைஞன்.

என் மறுப்புக்கு அடிப்படை அந்த மயில்தான். தற்காப்பு உரிமை என்பது, எதிரே நிற்பவன் யார், கையில் என்ன வைத்திருக்கிறான், ஓடுகிறானா பாய்கிறானா என்று அந்த நேரத்தில் பார்த்து முடிவெடுக்கும் மனிதனுக்குக் கொடுக்கப்பட்டது. கம்பியால் பார்க்க முடியாது. விறகுக்கு வரும் கிழவியும், சிதறிய மிளகைப் பொறுக்க வரும் சிறுவனும், விடிகாலையில் வேலைக்கு வரும் உன் ஆட்களும் அதற்கு ஒன்றே. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, பயிரைக் காக்கக் கட்டிய கள்ள மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்து விழுந்ததையும், குட்டிகள் இரண்டு பக்கத்திலேயே நின்றதையும் நீயும் படித்திருப்பாய். உன் பக்கத்திலும் யானை வருகிறது.

விலங்கு விஷயத்தில் சட்டம் இன்னும் இறுக்கமானது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொன்றால் குற்றமில்லை என்கிறது. பயிருக்காக நாமே அப்படிச் செய்ய அங்கே இடமில்லை, அதிகாரியின் அனுமதி வேண்டும். எங்கள் ஊரில் எண்ணெய் வாசனைக்குக் கடைக்கதவைப் பெயர்த்துக்கொண்டு நுழையும் கரடி, 41ஆம் பிரிவின்படி பார்த்தால் தேர்ந்த குற்றவாளி. நாங்கள் எண்ணெய் டின்னை இடம் மாற்றி வைக்கிறோம். எல்லோரும் அப்படி இருந்துவிடவில்லை. 2021 ஜனவரியில் மசினகுடியில், விடுதிப் பக்கம் வந்த யானைமேல் எரியும் பொருளை வீசி, அது காதில் நெருப்போடு ஓடிய காட்சியை நாடே பார்த்தது.

மனிதன் விஷயத்திலும் பார்த்தோம். நீலகிரிக்குத் தெற்கே அட்டப்பாடியில், கடையில் அரிசி திருடினான் என்று சொல்லி ஒரு பழங்குடி இளைஞனைக் காட்டிலிருந்து பிடித்து வந்து அடித்ததில், 2018 பிப்ரவரியில் அவன் இறந்துபோனான். 2023 ஏப்ரலில் பதின்மூன்று பேருக்கு ஏழாண்டுச் சிறை கிடைத்தது. அடித்தவர்களில் யாரும் காலையில் எழும்போது கொலை செய்யப் போகிறோம் என்று நினைத்திருக்க மாட்டார்கள். திருடனுக்கு என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்ற துணிவு மட்டும் இருந்திருக்கும். கண்ணகியின் முன்னால் பாண்டியன் சொன்ன விடையும் அதுதானே, கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்று. நாம் அந்தக் கதையைப் படிக்கும்போது யார் பக்கம் நிற்கிறோம்?

உன் பாட்டன்மார் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள், காவல் முறை உனக்குத் தெரிந்திருக்கும். காவல்காரனுக்கு ஊர் காவற்கூலி கொடுக்கும். களவு போனால் அவன் பொருளை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். காணாமற்போன மாட்டுக்குத் துப்புக்கூலி கொடுத்துப் பெற்றுக்கொண்டதும் உண்டு. களவு செய்பவனே காவலும் காத்தான் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருந்தது, அதை நான் போற்றவில்லை. ஆனால் பொருள் போனால் பொருளால் சரிசெய்வது என்ற கணக்கு அதில் இருந்தது. உன் சுற்றுத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, பறிப்புக் காலம் முடியும்வரை கூலிக்கு இரவுக் காவல் வைத்தால், ஆளுக்கு விழும் செலவு நீ இழந்ததில் சிறு பங்குகூட ஆகாது. களத்தில் காய்வதை மாலையில் அள்ளிக் கிடங்கில் பூட்டு. மனுவுக்குக் கிடைத்த ரசீதோடு நிற்காமல் முதல் தகவல் அறிக்கை பதியும்படி மேலதிகாரிக்குத் தபாலில் எழுது. வாசகத்தை நான் எழுதித் தருகிறேன்.

துப்பாக்கியைப் பொறுத்தவரை, குழல் வாய்வழியே மருந்தைக் கெட்டிக்கும் பழைய வகைக்குப் பயிர்ப் பாதுகாப்பின் பேரில் உரிமம் கேட்க ஆயுதச் சட்டம் வழி விட்டிருக்கிறது. நீ கேட்டால் தடுக்க மாட்டேன், திருடனுக்காகக் கேட்காதே. மின்பணியாளரிடம் கம்பி இழுக்க முன்பணம் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தாயே, அதைத் திரும்பக் கேட்டுச் சங்கடப்படாமல் அவரையே சூரியமின் வேலிக்கு மாற்றிவிடு. அது மின்கலத்திலிருந்து கருவி வழியாக விட்டுவிட்டுச் சிறு துடிப்பாகப் பாய்வது. சுரீரென்று உதறித் தள்ளுமே தவிர உயிரை எடுக்காது. தரமான கருவியாகப் பார்த்து வாங்கு. 2023இல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி பதிவு தேவைப்படுமா என்று வனச்சரக அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள். பறிப்புக்கு ஆட்கள் வருவதற்குள், மின்சார இணைப்பில் நேரடியாகச் சேர்த்த கம்பி ஏதேனும் இருந்தால் அதை இன்றே கழற்றிவிட்டு எனக்கு ஒரு வரி எழுது.

உன் பழைய அறைத்தோழன்.