பிழைச் செய்தியை வாசிப்பதற்கும் மதிப்பெண் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வு முடிவுகள் வெளிவரும் கோடை மாதங்களில், எந்தக் கணினிப் பாடத்தில் சேர்ந்தால் வேலை கிடைக்கும் என்று தங்கள் நாளிதழ் உட்பட எல்லா இதழ்களும் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அப்படிச் சேர்ந்த மாணவர் மூன்றாம் ஆண்டில் தன் முதல் டெஸ்க்டாப் செயலியை எழுத உட்காரும்போது எங்கே இடறி விழுகிறார் என்பதைப் பற்றி எவரும் எழுதக் காணோம். தென்காசியில் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக்கொடுப்பது என் பிழைப்பு. ப்ராஜெக்ட் பாதியில் நின்றுபோய் மாலை வேளைகளில் வரும் மாணவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவுவதும் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அந்த அனுபவத்திலிருந்து ஒரு கோரிக்கையை முன்வைக்கவே இக்கடிதம்.

நம் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்தில் 2019 முதல் பைத்தான் இருக்கிறது. சிஎஸ்வி என்னும் பட்டியல் கோப்புகளும், ஒரே கோப்பில் அடங்கும் சிறு டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டும்கூட அதில் வருகின்றன. பாடத்திட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அங்கே எழுதும் நிரல் கறுப்புத் திரையில் ஒரு கேள்வி கேட்கும், விடையை வாங்கும், அடுத்த வரிக்குப் போகும், கடைசி வரியில் முடியும். ஜன்னல் திறக்கும் நிரலோ அப்படி மேலிருந்து கீழாக ஓடி முடிவதில்லை. திரையை வரைந்துவிட்டு, பயன்படுத்துபவர் எந்த பட்டனை எப்போது அழுத்துவார் என்று ஒரு சுழற்சிக்குள் காத்துக் கிடக்கும். இந்த ஒரு மாற்றத்தை யாரும் எடுத்துச் சொல்லாததால், பைத்தானில் ஜன்னல் வரையும் தொகுப்பான டிகிண்டரில் முதல் ஜன்னலைத் திறக்கும் மாணவர், பயனர் பெயரைத் தட்டச்சு செய்வதற்கு முன்பே பெட்டியிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, 'எப்போதும் காலியாகவே வருகிறது சார்' என்கிறார். பட்டனோடு சேர்க்க வேண்டிய செயற்கூற்றின் (ஃபங்ஷன்) பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டுவிடுகிறார். ஜன்னல் திறக்கும்போதே அது ஒருமுறை ஓடித் தீர்ந்துவிடும், அதன்பின் எத்தனை முறை அழுத்தினாலும் அசையாது.

இவை சிறிய தவறுகள்; யாருக்கும் வரும். என் ஆதங்கம் தவறுகளைப் பற்றியதல்ல. தவறு நேர்ந்தபின் கணினி என்ன சொல்கிறது என்பதைப் படிக்கும் பழக்கமே நம் மாணவர்களிடம் வளர்க்கப்படவில்லை என்பதுதான்.

சென்ற ஆண்டு நூலக மேலாண்மை ப்ராஜெக்ட்டோடு ஒரு மாணவி வந்தார். புத்தகத்தின் பெயரை எழுதும் பெட்டி திரையில் ஒழுங்காகத் தெரிகிறது. 'சேமி' பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. மூன்று நாளாகத் தூக்கமில்லை என்றார். ஒன்றும் நடக்காமல் இல்லை. அவர் சிறிதாக்கி ஓரத்தில் தள்ளிவைத்திருந்த கறுப்புத் திரையில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் பத்துப் பதினைந்து வரி சிவப்புக் கொடி காட்டிக்கொண்டிருந்தது. டிகிண்டரின் குணம் இது: பட்டனுக்குரிய செயற்கூற்றில் பிழை நேர்ந்தால் ஜன்னலை மூடாது, செய்தியைக் கறுப்புத் திரையில் எழுதிவிட்டுத் தன்பாட்டுக்கு அடுத்த அழுத்தலுக்குக் காத்திருக்கும். கறுப்புத் திரையே இல்லாமல், தனியே ஓடும் எக்ஸ்இ கோப்பாகக் கட்டிவிட்டால் அந்தச் செய்தியும் கண்ணில் படாது.

கடைசி வரியைப் படிக்கச் சொன்னேன். 'நன்டைப்', அதாவது 'ஒன்றுமில்லை' என்னும் வகைப் பொருளுக்கு 'கெட்' என்ற பண்பு கிடையாது என்று இருந்தது. 'அந்தப் பெட்டியின் பெயரில் இப்போது என்ன இருக்கிறதென்று ப்ரிண்ட் போட்டுப் பாரம்மா' என்றேன். 'நன்' என்று வந்தது. பெட்டியை உருவாக்கிய அதே வரியின் கடைசியில் 'பேக்' என்று சேர்த்து எழுதியிருந்தார். பேக் என்பது பெட்டியைத் திரையில் இடம் பார்த்து வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வரும் கட்டளை. ஆகவே அந்தப் பெயரில் சேர்ந்தது பெட்டி அல்ல, வெறுங்கை. முதல் வரியில் பெட்டியை உருவாக்கி, அடுத்த வரியில் பேக் செய்ததும் சரியாகிவிட்டது. மூன்று நாள் தேடலில் அவர் முழுச் செய்தியையும் இணையத்தில் ஒட்டி, யாரோ வேறு ப்ராஜெக்ட்டுக்கு எழுதிய விடைகளைத் தன் நிரலில் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார். கடைசி வரியை முதலில் படி, பிறகு மேலே போய் உன் சொந்தக் கோப்பின் பெயரும் வரி எண்ணும் எங்கே வருகின்றன என்று பார், என்ற இந்த ஒன்றை வகுப்பில் யாராவது பத்து நிமிடம் சொல்லியிருந்தால் போதும்.

இப்போது சாட்பாட் வந்துவிட்டது, அதில் கேட்டால் தீர்ந்தது என்று சிலர் சொல்லக்கூடும். பேக் விஷயத்தை அது நொடியில் சொல்லிவிடும், மறுக்கவில்லை. ஆனால் பிழை நிரலின் எழுத்தில் இல்லாமல் கணினியின் ஃபோல்டரில் இருந்தால், நிரலை மட்டும் பார்க்கும் எவராலும் முழு விடை தர முடியாது.

அதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வீட்டில் பைத்தானோடு வரும் ஐடிஎல் என்ற எடிட்டரில் எழுதி, ஓட்டி, நாற்பது புத்தகங்களின் விவரத்தையும் சேர்த்து முடித்த ஒரு மாணவர், அதே ஃபோல்டரைக் கல்லூரிக்குக் கொண்டுபோய், அதற்கு மேலுள்ள ஃபோல்டரை விஎஸ் கோடு என்ற இன்னொரு எடிட்டரில் திறந்து ஓட்டுகிறார். 'அப்படி ஒரு அட்டவணையே இல்லை' என்று பிழை வருகிறது. காரணம் இதுதான்: அவர் டேட்டாபேஸ் கோப்பின் பெயரை மட்டும் எழுதியிருந்தார், அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று எழுதவில்லை. ஐடிஎல், நிரல் இருக்கும் ஃபோல்டரிலேயே நின்று நிரலை ஓட்டும். விஎஸ் கோடோ வழக்கமாக நாம் திறந்துவைத்த மேல் ஃபோல்டரில் நின்று ஓட்டும். அங்கே அந்தப் பெயரில் கோப்பு இல்லை. 'கோப்பைக் காணோம்' என்று சொல்லியிருந்தால் மாணவருக்கு அப்போதே விளங்கியிருக்கும்; ஆனால் எஸ்க்யூலைட் கோப்பு இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வதில்லை, அதே பெயரில் புதிதாக ஒரு காலிக் கோப்பைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. காலிக் கோப்பில் அட்டவணை எங்கிருந்து வரும்? அவர் அட்டவணையை மறுபடி உருவாக்கினார். பிழை போயிற்று, நாற்பது புத்தகங்களும் போயின. என்னிடம் வந்தபோது ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இரண்டு ஃபோல்டர்களில் இருந்தன. நிரல் எந்த ஃபோல்டரில் நிற்கிறது என்று அதையே கேட்டு ப்ரிண்ட் போட்டுப் பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை. நிரல் கோப்பு இருக்கும் இடத்தைக் கொண்டே டேட்டாபேஸின் முழுப் பாதையை அமைப்பது இதற்கு மருந்து. அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு: பைத்தான் நிரலை எக்ஸ்இ ஆக்கும் பைஇன்ஸ்டாலரில் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்இ கோப்பாகக் கட்டினால், அது ஓடும்போது ஒரு தற்காலிக ஃபோல்டரில் விரிந்து, மூடியதும் அந்த ஃபோல்டர் அழிந்துவிடும், டேட்டாபேஸையும் அங்கேயே வைத்தவர் ஒவ்வொரு நாளும் காலிக் கடையைத் திறப்பார். பயனரின் தரவைப் பயனரின் சொந்த ஃபோல்டரில்தான் வைக்க வேண்டும்.

நேற்றுச் சேர்த்த பெயர் இன்று காணோம் என்று வருபவர்களில் பலர் மாற்றத்தை டேட்டாபேஸில் நிலையாகப் பதிக்கும் 'கமிட்' கட்டளையைப் போட மறந்தவர்கள். பத்துப் பைசாவையும் இருபது பைசாவையும் தசம எண்களாகக் கூட்டினால் கடைசியில் ஒரு 4 ஒட்டிக்கொண்டு 0.30000000000000004 என்று வருவதைக் கண்டு மிரள்பவர்களும் உண்டு. பணத்தைப் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

உறைந்துபோகும் ஜன்னல் அவ்வளவு எளிதில் முடிவதில்லை. அறுபது பெற்றோருக்கு மின்னஞ்சல் அனுப்பும் ஒரு நிரலில், பட்டனை அழுத்தியதும் ஜன்னல் வெளிறிப்போய் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று தலைப்பில் வந்தது. நிரல் கெட்டுவிடவில்லை. திரையை வரைவதும், அழுத்தலைக் கவனிப்பதும், மின்னஞ்சல் அனுப்புவதும் ஒரே ஆளின் வேலையாக இருக்கும்போது, அந்த ஆள் மின்னஞ்சல் அனுப்பப் போய்விட்டால் கல்லாவில் யார் இருப்பார்? ஐந்து விநாடி வரை ஜன்னல் எந்தத் தகவலையும் எடுத்துப் பார்க்காவிட்டால் விண்டோஸ் அதைப் பதில் அளிக்காத ஜன்னல் என்று முடிவு கட்டிவிடுகிறது. இதில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது: அந்த மாணவர் முதல் ஐந்து விநாடிக்குள்ளேயே பொறுமையிழந்து மேலும் இரண்டு முறை அழுத்தியிருந்தார், அவை வரிசையில் காத்திருந்து, எல்லாப் பெற்றோருக்கும் ஒரே கடிதம் மூன்று முறை போய்ச் சேர்ந்தது. நீண்ட வேலையை, பக்கத்தில் தனியாக ஓடும் ஒரு த்ரெட்டில் விட்டு, அது முடியும்வரை பட்டனை முடக்கி, முடிந்த செய்தியை க்யூ என்னும் ஒரு வரிசை வழியாக வாங்கி, சற்று நேரம் கழித்து ஒரு வேலையைச் செய்யச் சொல்லும் 'ஆஃப்டர்' கொண்டு அவ்வப்போது எட்டிப் பார்த்துத் திரையை மாற்ற வேண்டும். அந்தத் த்ரெட் தானே திரையைத் தொடக் கூடாது. சி ஷார்ப் மொழியில் விண்டோஸ் ஃபார்ம்ஸ் தொகுப்பைக் கொண்டு ஜன்னல் எழுதுபவர்கள் அப்படித் தொட்டால் அதற்கென்றே ஒரு பிழைச் செய்தி வருவதைப் பார்த்திருப்பார்கள்.

தமிழில் பெயர்களைச் சேமிக்கும் செயலியில் வரும் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் மூன்று என்று சொல்லாது, ஐந்து என்று சொல்லும். எழுத்துகளுக்கு எண் தரும் முறையான யூனிகோட், இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. பெயருக்குப் பத்து எழுத்து என்று வரம்பு வைத்தால் நடுவில் புள்ளி வெட்டுப்படும். எங்கள் சங்கரன்கோவில் பக்கம் தெருவுக்கு ஒரு கோமதி இருப்பார். 'கோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஏற்றிய பட்டியலில் இரண்டாம் வகைக் கோமதிகள் இருந்து, தேடும் பெட்டியில் முதல் வகைக் கோமதியைத் தட்டினால் ஒருவரும் அகப்பட மாட்டார். சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஒரே வடிவுக்கு இயல்பாக்கும் ஒரு வரி பைத்தானிலேயே இருக்கிறது. இந்தப் பிழைக்கு எந்தச் செய்தியும் வராது என்பதுதான் இதன் கொடுமை.

செய்தி வராத பிழையை நானே உருவாக்கியதும் உண்டு. தொழிலின் தொடக்கத்தில் ஓர் அரிசிக் கடைக்கு எழுதிய நிரலில், கடைக்காரர் முன்னால் பிழைச் செய்தி வந்தால் மானம் போகும் என்று எண்ணி, சேமிக்கும் இடத்தில் என்ன பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் கடந்து போகும்படி இரண்டு வரி எழுதிவைத்தேன். ஒரு நாள் கடைக்காரரின் மகன் அதே டேட்டாபேஸை வேறொரு மென்பொருளில் திறந்து, எதையோ திருத்தி, சேமிக்காமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். டேட்டாபேஸ் பூட்டிக்கொண்டது, பில் அச்சாயிற்று, கணக்கில் ஏறவில்லை. இரவு கல்லாப் பணத்தை எண்ணியபோதுதான் தெரிந்தது. அடிக்கட்டைகளை வைத்துக்கொண்டு விடிய விடிய நான் ஏற்றிய பில்கள் நூற்றுக்கு மேல்.

இனி கோரிக்கைக்கு வருகிறேன். நம் கல்லூரிகளின் செய்முறைத் தேர்வு இன்றும் ரெக்கார்டு நோட்டைச் சுற்றியே நடக்கிறது. வலப்பக்கம் நிரல், இடப்பக்கம் விடை, கீழே கையொப்பம். எக்ஸ்டர்னல் என்னும் வெளித் தேர்வாளர் வரும் நாளில் மனப்பாடம் செய்த நிரல் ஓடினால் முழு மதிப்பெண். ஓடாவிட்டால், ஏன் ஓடவில்லை என்று சரியாகச் சொல்லும் மாணவருக்கும், ஒன்றும் புரியாமல் நிற்பவருக்கும் ஏறத்தாழ ஒரே கதி. தேர்வில் அரைமணி நேரத்தை ஒதுக்கி, வேண்டுமென்றே பிழை வைத்த ஒரு நிரலையும் அதன் பிழைச் செய்தியையும் கையில் கொடுத்து, எந்த வரி, என்ன காரணம், உறுதிப்படுத்த எங்கே ப்ரிண்ட் போடுவாய் என்று கேட்டு இருபது மதிப்பெண் தரும்படி பல்கலைக்கழகங்களும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககமும் மாற்ற வேண்டும். புதிய கணினியோ புதிய பாடநூலோ இதற்குத் தேவையில்லை. இருக்கும் ஆசிரியர்களுக்கு வினாத்தாள் அமைப்பதில் கொஞ்சம் கூடுதல் வேலை, அவ்வளவே.

அதுவரை, தங்கள் கல்வி இணைப்பிதழில் வாரம் ஒரு பிழைச் செய்தியை எடுத்து, அது என்ன சொல்கிறது, எங்கே பார்க்க வேண்டும் என்று நல்ல தமிழில் கால் பக்கம் வெளியிடலாம். மாணவர்கள் என்னிடம் கொண்டுவந்தவற்றில் அடிக்கடி வரும் பன்னிரண்டை எழுதி இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன். மொழிநடையைத் தாங்கள் திருத்திக்கொள்ளலாம். வரி எண்களை மட்டும் மாற்றிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கணினி நிரலாளர் ஒருவர்,
தென்காசி.