அந்த 23 வரிகள்

அன்பு நண்பா,

நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

போன வாரம் என் கணினியில் இடமே இல்லாமல் போய்விட்டது. எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று 'டியு' கட்டளை போட்டுப் பார்த்தால், நாம் கல்லூரி நாளிலிருந்து சேர்த்த சோர்ஸ் (மென்பொருள்களின் மூல நிரல்) ஃபோல்டர் மட்டும் 61 ஜிபி! அதில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலே நான்கு பதிப்பு. டவுன்லோட் செய்யும்போது நூற்றுச் சொச்சம் எம்பிதான். பிரித்தால் ஒரு ஜிபியைத் தாண்டும். பிழை தேட உதவும் டீபக் தகவலோடு அதை இயங்கும் நிரலாகக் கம்பைல் செய்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கம்பைலில் உருவான கோப்புகளை நீக்கும் 'மேக் கிளீன்' கட்டளையை நான்கிலும் கொடுத்ததும் பாதிக்கு மேல் காலியாகிவிட்டது. 'மேக் எம்ஆர்ப்ராப்பர்' இன்னும் சுத்தமாகத் துடைக்கும், ஆனால் கான்ஃபிக் கோப்பையும் சேர்த்து அழித்துவிடும். பெயர் புள்ளியில் தொடங்குவதால் சும்மா பட்டியலிட்டால் அது கண்ணில் படாது. ராத்திரி கண்விழித்துத் தேர்ந்தெடுத்த அமைப்புகள் எல்லாம் அதில்தானே இருக்கின்றன? முதலில் அதை நகலெடுத்துக்கொண்டேன்.

போன வருடம் அவசரப்பட்டு ஒரு மென்பொருளின் சோர்ஸ் ஃபோல்டரை அப்படியே அழித்துவிட்டு மாட்டிக்கொண்டேன். நிறுவிய மென்பொருள் கணினியில் அப்படியேதான் இருந்தது. அதை நீக்க அந்த ஃபோல்டரிலிருந்து 'மேக் அன்இன்ஸ்டால்' கொடுக்க வேண்டும். அதற்கான வழிமுறை இருக்கும் மேக்ஃபைல் அந்த ஃபோல்டரோடு போய்விட்டது. அது நிறுவப்பட்டிருந்த யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் ஒவ்வொரு கோப்பாகத் தேடி எடுக்க ஒரு நாள் முழுக்க ஆனது. அதே பதிப்பை மறுபடி இறக்கி, அதே அமைப்போடு கான்ஃபிகர் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்திருக்கலாம் என்று பிறகுதான் உறைத்தது.

செய்த மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் ஃபோல்டர்களில் வேலை சுலபம். புஷ் செய்யாத கமிட் (சர்வருக்கு அனுப்பாத மாற்றம்), மறந்துபோன ஸ்டாஷ் (ஒதுக்கி வைத்த மாற்றம்) இரண்டையும் பார்த்துவிட்டு அழித்தேன்.

கடைசியாக, பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் எம்17என் மென்பொருளின் ஃபோல்டர். தமிழ்99 விசைப்பலகைக்காக உன் அறையில் உட்கார்ந்து திருத்தினோமே, நினைவிருக்கிறதா? வெறும் டார் தொகுப்புக் கோப்பைப் பிரித்து வைத்தது, கிட் எல்லாம் கிடையாது. எதை நாம் மாற்றினோம் என்று யாருக்குத் தெரியும்? அதே பதிப்பின் அசலை இறக்கிப் பக்கத்தில் பிரித்து வைத்து, வித்தியாசத்தை மட்டும் காட்டும் 'டிஃப்' கட்டளையை இரண்டுக்கும் போட்டேன். வந்தது மொத்தம் 23 வரி. நடுவில் இரண்டு அரைப்புள்ளிக்குப் பின்னால் நீ எழுதிய குறிப்பு: "ஸ்ரீ இன்னும் சரியாக வரவில்லை, காலையில் பார்." கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்டா. மற்றதெல்லாம் எப்போது வேண்டுமானாலும் இணையத்தில் கிடைக்கும். இந்த 23 வரி வேறெங்கே கிடைக்கும்?

அந்த வித்தியாசத்தைப் பேட்ச் கோப்பாக்கி இதோடு அனுப்பியிருக்கிறேன். அப்புறம், பரணில் கிடக்கும் உன் பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடும் முன் அதிலும் ஒருமுறை டிஃப் போட்டுப் பார். ஸ்ரீயைச் சரிசெய்த பிரதி உன்னிடம்தான் இருக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்