தம்பிக்கு, அந்தப் படத்தைப் பற்றி

தம்பி,

நம்மைப் பெற்ற அப்பச்சியின் தலைத்திவசத்துக்கு நீ பெரிதாக்கியிருக்கும் படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். பின்னால் பினாங்கு தைப்பூசத்து வெள்ளி ரதம், முன்னால் அவர். ‘முகத்தில் என்ன சாந்தம்’ என்று ஆளாளுக்கு எழுதியிருக்கிறார்கள். இரண்டு ராத்திரி கட்டிலில் முதுகு சாய்க்காத மனிதருடைய முகம் அது.

அந்தப் பயணத்துக்கு நீ ஏன் வரவில்லை என்பதை இங்கே எழுத மாட்டேன். பெரியப்பச்சி வீட்டிலும் இதைப் படிக்கிறார்கள். ஆபீசில் வேலை. அவ்வளவுதான்.

மலேசிய வருகைப் படிவத்தை நெட்டில் நீதான் போட்டாய். அப்பச்சியின் பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. யாருக்கும் வருகிற பிழைதான். நானும் ஒருமுறை சரிபார்த்திருக்கலாம். ஏர்போர்ட் வரிசையிலிருந்து எங்களை விலக்கி நிறுத்தி, என் போனில் நெட் கிடைத்து, திரும்பப் போட்டு வெளியே வருவதற்குள் பினாங்கு பஸ் போய்விட்டது. தைப்பூச நேரம். ரயிலில் இடமில்லை. அடுத்த பஸ் சாயங்காலம் ஆறு மணிக்கு.

அந்த பஸ் நிலையத்தில் நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் கைக்கடிகாரத்தை நம்மூர் நேரத்திலேயே வைத்திருந்தார். இரண்டரை மணி நேரத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்ப்பார், உடனே என்னிடம் கேட்பார். சர்க்கரை மாத்திரை இப்போதா, அப்புறமா? “காரைக்குடியில் செஞ்ச ரதமே 1894இல் கப்பலேறிப் பத்திரமா வந்துருச்சு, நாம போக மாட்டமா ஆத்தா?” என்று சிரிக்க வைக்கப் பார்த்தார். பத்தாவது தடவை மணி கேட்டபோது, “கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு உட்காருங்க அப்பச்சி!” என்று கத்திவிட்டேன். எதிரே ஒரு தமிழ்க் குடும்பம். அந்தம்மா தன் பிள்ளையின் முகத்தை வேறு பக்கம் திருப்பினாள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேன்குழல் டப்பாவை எடுத்துக்கொண்டு இரண்டு வரிசை தள்ளிப்போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் போகவில்லை. இரண்டு மணி நேரம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் உன் மெசேஜ் வந்தது: ‘போய்ச் சேர்ந்தாச்சா?’ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பினேன்.

தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் சேர்ந்தபோது ராத்திரி மணி ஒன்று. கடைசிப் படகும் போய்விட்டது. டாக்ஸியில் பாலத்தைக் கடக்கும்போது என் மடியில் டப்பாவை வைத்து, “நீ ஒண்ணுமே சாப்பிடலை” என்றார். விடியும் முன்பே பினாங்குத் தெருவில், ரதம் புறப்படும் கோவில் வீட்டு வாசலில் நின்றோம். மாடுகள் ரதத்தை இழுத்து வந்தன, ரோடெல்லாம் சிதறு தேங்காய். அவர் வீங்கிய காலோடு ஒரு மணி நேரம் நின்றார்.

நாலு மாதத்தில் போய்விட்டார். கருமாதி அன்று வீட்டு வளவில் எல்லோர் முன்பும், “அந்த அலைச்சல்தான்” என்றாய். மருத்துவர் சொன்னது வேறு, உனக்குத் தெரியும். ஆனாலும் உண்மையாக இருக்குமோ என்று ராத்திரியில் எனக்குத் தோன்றத்தான் செய்கிறது. இன்னொருமுறை சொல்லாதே.

கோவில் கணக்கில் ஒரு குடும்பமாக எண்ணப்படும் புள்ளி நீதான், திவசம் கொடுப்பதும் நீதான். அதில் எனக்குச் சண்டை இல்லை. (இருக்கிறது. அது உன்மேல் இல்லை.) படத்தில் என்னை வெட்டிவிட்டாய், சரி. அவர் வலது தோளில் நாலு விரல் மிச்சம் இருக்கிறது பார். அவர் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். ஸ்டுடியோக்காரரிடம் சொல்லி அதையும் அழித்துவிடாதே.

முதல் பஸ்ஸில் வருகிறேன். கார் அனுப்ப வேண்டாம். தேன்குழல் நானே சுட்டு எடுத்து வருகிறேன், அந்த டப்பா என்னிடம்தான் இருக்கிறது.

உன்னுடன் பிறந்த ஆச்சி