பார்க்காத வீட்டுக்கு வாங்கிய 80,000 ரூபாவைத் திருப்பித் தாருங்கள்

முகாமையாளர் அவர்களுக்கு,

விடயம்: கண்டியில், பேராதனை வீதிப் பக்கமுள்ள வாடகை அபார்ட்மென்டுக்கு நான் கட்டிய முற்பணம்

வணக்கம்.

உங்கள் கம்பனி விளம்பரம் செய்திருந்த இரண்டு அறை வீட்டுக்காக, அதை என் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, உங்கள் ஊழியர் சொன்னபடி 80,000 ரூபாவை உங்கள் வங்கிக் கணக்கில் போட்டேன். வீட்டைப் போய்ப் பார்த்த அன்றைக்கே, அங்கே நின்றபடியே, இது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காசு இன்னும் வரவில்லை. முதலில் "எக்கவுண்ட்ஸ் பக்கம் கேட்டுச் சொல்கிறோம் மெடம்" என்றார்கள், பிறகு "பெரியவர் வெளிநாடு போயிருக்கிறார்" என்றார்கள், இப்போது போனே எடுப்பதில்லை. அதனால்தான் எழுத்தில் தருகிறேன். இதன் பிரதி ஒன்று பதிவுத் தபாலிலும் வரும்.

நான் ஹட்டனில் இருக்கும் ஆசிரியை. கண்டியில் ஒரு பாடசாலைக்கு இடமாற்றம் வந்ததால் வீடு தேட வேண்டியதாயிற்று. என்னோடு அம்மாவும் வருகிறார். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய்விட்டது, படி ஏறினால் நடுவில் உட்கார்ந்துவிடுவார், மழைக் காலத்தில் இழுப்பும் வரும். இதையெல்லாம் முதல் போனிலேயே உங்கள் ஊழியரிடம் சொன்னேன். தரைத்தளம் வேண்டும், ஈரம் இருக்கக் கூடாது, வாசல் வரை ஓட்டோ வர வேண்டும் என்று மூன்று விஷயம்தான் கேட்டேன். "அக்கா, உங்களுக்கென்றே கட்டின மாதிரி ஒன்று இருக்கு" என்று அந்தத் தம்பி சொன்னார். தரைத்தளம், மாதம் 40,000 ரூபா, ஜன்னலைத் திறந்தால் ஹந்தானை மலை தெரியும் என்று படங்களும் வந்தன. படத்தில் மலை தெரிந்தது உண்மைதான்.

சரி, இந்தச் சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றேன். அங்கேதான் பேச்சு மாறியது. இரண்டு மாத வாடகையைக் கட்டினால்தான் சாவியை எடுத்துக் காட்டுவோம், அது கம்பனி விதி என்றார். டித்வா புயலுக்குப் பிறகு கண்டியில் பாதுகாப்பான வீடு கிடைப்பதே கஷ்டம், இந்த வீட்டுக்கு வேறு இரண்டு குடும்பம் வரிசையில் நிற்கிறது, நீங்கள் ஹட்டனிலிருந்து மணிக்கணக்கில் பஸ்ஸில் வந்து இறங்கும்போது வீடு போயிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். "பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் முழுக் காசையும் திருப்பித் தருவோம், யோசிக்க வேண்டாம்" என்று வட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பினார். அந்தச் செய்தி என் போனில் அப்படியே இருக்கிறது. அந்த ஒரு வரியை நம்பித்தான் காசைப் போட்டேன், கம்பனியின் பெயரில் இருந்த கணக்குக்குத்தான் போட்டேன், அந்தத் தம்பியின் சொந்தக் கணக்குக்கு அல்ல. ஆகவே ஊழியர் தன் பாட்டுக்குச் சொன்ன வார்த்தை என்று நீங்கள் கையை விரிக்க முடியாது.

இனி வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

கட்டடத்தின் வாசல் வீதி மட்டத்தில் இருக்கிறது, ஆனால் அது மூன்றாவது மாடி. மற்ற மாடிகள் வீதிக்குக் கீழே, பள்ளத்தில் இறங்குகின்றன. நீங்கள் சொன்ன தரைத்தளம் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. அங்கே போக லிப்ட் இல்லை, கட்டடத்துக்கு வெளியே பக்கவாட்டில் ஒடுங்கிய கொங்கிரீட் படிக்கட்டு ஒன்று இறங்குகிறது, ஒரு பக்கம்தான் கைப்பிடி, பாசி பிடித்து வழுக்குகிறது. நானே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். முழங்கால் தேய்ந்த ஒருவருக்குத் தரைத்தளம் வேண்டும் என்று கேட்டால் இதைக் காட்டலாமா? மலைநாட்டில் சரிவில் கட்டிய கட்டடங்கள் பல இப்படித்தான் இருக்கும், அது கட்டியவர் குற்றமில்லை. ஆனால் வீதியிலிருந்து எத்தனை படி என்று விளம்பரத்தில் ஒரு வரி போடுவது உங்கள் வேலை.

உள்ளே போனால் படத்தில் இருந்த ஜன்னல் இல்லை. பிறகு விசாரித்ததில் அந்தப் படங்கள் அதே கட்டடத்தின் மேல்மாடி வீட்டில் எடுத்தவை என்று காவலாளியே சொன்னார். கீழ் வீட்டின் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில், மண் சரியாமல் பிடித்து நிற்கும் தாங்கு சுவர் இருக்கிறது. அந்தச் சுவரை நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். தண்ணீர் வடிவதற்கென்று தாங்கு சுவரில் வரிசையாகக் குழாய் விட்டிருப்பார்கள். இதில் அந்தக் குழாய் வாய்களைச் சீமெந்து பூசி அடைத்து, மேலே வெள்ளைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். தண்ணீர் போக வழியில்லாமல் சுவரின் நடுவில் ஒரு வெடிப்பு, அதன் வழியாகச் செம்மண் கலந்த தண்ணீர் கசிந்து கீழே கானில் தேங்கி நிற்கிறது. நான் போன அன்று மழைகூட இல்லை. அந்தச் சுவரை ஒட்டிய அறையில்தான் அம்மா படுக்க வேண்டும். அலுமாரியை நகர்த்திப் பார்த்தேன், பின்னால் இடுப்பளவுக்குப் பூஞ்சணம், புதுப் பெயின்ட் கையோடு உரிந்து வந்தது.

இது மலைநாட்டில் சின்ன விஷயமில்லை. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் தோட்டத்து லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதை எங்கள் ஆட்கள் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனை மேடு சரிந்தது என்று உங்களுக்கும் தெரியும், அந்தப் புயலின் பெயரைச் சொல்லித்தானே என்னை அவசரப்படுத்தினீர்கள். வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவற்றைக் கண்டால் கவனமாக இருங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அந்தச் சுவர் நாளைக்கே விழும் என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்ல வேண்டியவர்கள் பொறியியலாளர்கள். ஆனால் அதைப் பார்த்துவிட்டு அம்மாவை அந்த ஜன்னலுக்குக் கீழே படுக்க வைக்க என்னால் முடியாது. இங்கே ஒரு வீட்டைப் பார்ப்பது என்றால் டைல்ஸ் நிறம் பார்ப்பதில்லை. வீட்டின் முதுகுப் பக்கம் போய் மண்ணைப் பார்க்க வேண்டும், கான் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும், முடிந்தால் மழை பெய்கிற நேரத்தில் பார்க்க வேண்டும். நீங்கள் அனுப்பிய வீடியோவில் வீட்டின் வெளிப்புறம் ஒரு விநாடிகூட இல்லை. ஐந்நூறு ரூபாச் சேலையைக்கூடக் கடைக்காரர் விரித்துக் காட்டிய பிறகுதான் காசு கேட்கிறார்.

வேண்டாம் என்று சொன்னதும், முன்பு அக்கா என்று கூப்பிட்ட அதே தம்பி ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று இருந்தது. இந்த ரசீது என் கைக்கு வந்ததே வீட்டைக் காட்டிய அன்றுதான், காசு உங்கள் கணக்குக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். காசு வாங்குவதற்கு முன் தமிழில் எழுதி அனுப்பியது ஒன்று, காசு வாங்கிய பிறகு நீட்டியது வேறொன்று. இரண்டில் எதற்கு நீங்கள் கட்டுப்பட்டவர்கள்?

அப்புறம், "நீங்கள் காசு கட்டியதே வீட்டை எடுக்கச் சம்மதித்த மாதிரித்தான், உங்களால் எங்களுக்கு வேறு ஆள் போய்விட்டது" என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். இது சரியில்லை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதிக் கையெழுத்திடப்பட வேண்டும். நமக்குள் அப்படி ஒரு ஒப்பந்தமும் இல்லை, ஒரு கடதாசியிலும் நான் கையெழுத்து வைக்கவில்லை. சாவியும் வாங்கவில்லை. ஒரு இரவும் அங்கே தங்கவில்லை. வேறு ஆள் போய்விட்டது என்பதும் எனக்கு விளங்கவில்லை, ஏனென்றால் அதே வீடு அதே ஹந்தானைப் படங்களோடு இன்றைக்கும் உங்கள் விளம்பரத்தில் இருக்கிறது.

வேறு வீடு தருகிறோம், இந்தக் காசை அதில் கழிக்கிறோம், இன்னும் ஒரு மாத வாடகையை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள் என்றும் கேட்டீர்கள். அந்த வீட்டையும் கட்டிய பிறகுதான் காட்டுவீர்களாம். எனக்கு வேண்டாம்.

உங்கள் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். எடுக்கும் எண்ணமே இல்லாமல் வீடு வீடாகப் பார்த்துத் திரிபவர்கள் இருக்கிறார்கள், உங்கள் ஆட்களின் பெற்றோல் செலவும் நேரமும் வீணாகிறது. அதற்கு ஆயிரம் ரூபாவோ ஆயிரத்து ஐந்நூறோ பார்வைக் கட்டணம் என்று வெளிப்படையாகச் சொல்லி, ரசீது தந்து வாங்குங்கள். நானும் சந்தோஷமாகத் தந்திருப்பேன். இரண்டு மாத வாடகையை வாங்கி வைத்துக்கொண்டு, திருப்பிக் கேட்பவரை அலைய விடுவது வேறு. தூரத்திலிருந்து வருபவர்களும், கண்டியில் தெரிந்த ஆள் இல்லாதவர்களும், கம்பஸுக்குப் பிள்ளையை விட வரும் தோட்டத்துப் பெற்றோரும்தான் இதில் மாட்டுகிறார்கள். உள்ளூர்க்காரர் யாரும் பார்க்காத வீட்டுக்குக் காசு கட்டமாட்டார், நீங்களும் அவரிடம் கேட்கமாட்டீர்கள்.

இந்தக் காசு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா கொழுந்து பறித்தவர். இது அவருடைய சேமலாப நிதியில் மிச்சமிருந்தது. எத்தனையோ வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2021 இல்தான் தோட்டத்தில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று வந்தது. அந்தக் கணக்கில் பார்த்தாலும் 80,000 என்றால் எண்பது முழுப்பேர், அதாவது மழையில் அட்டைக்கடியோடு மலையில் நின்ற எண்பது நாள். அம்மா வேலை செய்த காலத்தில் சம்பளம் அதைவிடக் குறைவு. "காசு வந்திருச்சா" என்று தினமும் கேட்கிறார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே நான் கேட்பது இவைதான். இந்தக் கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் 80,000 ரூபாவையும் முழுதாக, எந்தக் கழிவும் இல்லாமல், நான் அனுப்பிய அதே வங்கிக் கணக்குக்குப் போடுங்கள். அந்த வீட்டின் விளம்பரத்திலிருந்து மேல்மாடிப் படங்களை எடுத்துவிட்டு, படிகளையும் தாங்கு சுவரையும் காட்டும் படங்களைப் போடுங்கள். சுவரின் வெடிப்பைப் பற்றி வீட்டுச் சொந்தக்காரருக்குச் சொல்லுங்கள், மேல்மாடிகளில் சின்னப் பிள்ளைகளோடு குடும்பங்கள் இருக்கின்றன, என் காசைவிட அது அவசரம். வீட்டைக் காட்டுவதற்கு முன் முற்பணம் வாங்கும் அந்த விதியை நிறுத்துங்கள். நிறுத்த மாட்டோம் என்றால், காசு வாங்கும் முன்பே, திருப்பித் தருவீர்களா மாட்டீர்களா என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுங்கள்.

காசு வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு கொடுப்பேன். ஏமாற்றும் விதமான வியாபார நடத்தையை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் தடை செய்கிறது, மேல்மாடிப் படத்தைக் காட்டிக் கீழ் வீட்டுக்குக் காசு வாங்குவது அதற்குள் வரும் என்றுதான் நினைக்கிறேன். மத்தியஸ்த சபைக்கும் போவேன், பொலிஸிலும் போடுவேன். வட்ஸ்அப் செய்திகள், வங்கிச் சிட்டை, ரசீதின் இரண்டு பக்கம், சுவரையும் படிக்கட்டையும் நான் எடுத்த படங்கள் எல்லாவற்றின் பிரதியும் இத்துடன் இருக்கின்றன. மூலப் பிரதிகள் என்னிடம் இருக்கின்றன.

பதிலை எழுத்தில் தாருங்கள். போனில் பேசுவதாக இருந்தால் பாடசாலை விட்ட பிறகு, பின்னேரம் மூன்று மணிக்குப் பின் எடுங்கள்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்