மடிக்கச் சொன்னதும் நீங்கள், மறைக்கச் சொல்வதும் நீங்கள்

பெறுநர்: பிரிட்டன் தேசிய சுகாதார சேவை (என்.எச்.எஸ்.) மருத்துவமனை டிரஸ்ட்களின் மனிதவளத் துறை இயக்குநர்கள், உடைக் கொள்கை எழுதும் குழுவினர்.

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பணியில் சேரும் மருத்துவர்களுக்கு அண்மையில், மருத்துவமனைகளை நடத்தும் ஒரு டிரஸ்ட் அனுப்பிய மின்னஞ்சலில் இரண்டு வாக்கியங்கள் அடுத்தடுத்து இருந்தன. டிரஸ்ட்டின் பெயர் இங்கே தேவையில்லை. முதல் வாக்கியம், நோயாளிகள் இருக்கும் இடங்களில் முழங்கைக்குக் கீழே சட்டைக்கை, கடிகாரம், வளையல் எதுவும் கூடாது என்றது. அடுத்தது, கண்ணுக்குத் தெரியும் டாட்டூக்களைப் பணி நேரம் முழுவதும் மூடி வைக்க வேண்டும் என்றது. இரண்டையும் ஒரே கையில் எப்படிச் செய்வது என்று சொல்ல மூன்றாவது வாக்கியம் இல்லை. கேட்டவர்களுக்கு, உங்கள் கன்சல்டன்ட்டிடம் (மூத்த சிறப்பு மருத்துவர்) கேளுங்கள் என்று பதில் வந்தது. கன்சல்டன்ட்டோ மனிதவளத் துறையைக் கைகாட்டினார்.

உங்களுக்கு எழுத வேண்டிய கடிதத்தைத் தமிழில் எழுதுவது, சென்னையிலும் மதுரையிலும் பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர்களும் படிக்கட்டும் என்றுதான். கோரிக்கை ஒன்றே: எந்த டாட்டூவை மூட வேண்டும், எதனால் மூட வேண்டும், அதை முடிவு செய்பவர் யார் என்பதை வேலைக் கடிதத்தோடு எழுத்தில் கொடுங்கள்.

பின்னணி உங்களுக்குத் தெரிந்ததுதான். 2007 செப்டம்பரில் அன்றைய சுகாதார அமைச்சர் ஆலன் ஜான்சன் முழங்கைக்குக் கீழே வெறுங்கை என்ற விதியை அறிவித்தார். 2008 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. மருத்துவமனைகளில் பரவும் எம்.ஆர்.எஸ்.ஏ., சி.டிஃபிசில் கிருமிகளைப் பற்றிய அச்சம் உச்சத்தில் இருந்த காலம் அது. நீளக்கை வெள்ளைக் கோட் அத்தோடு போயிற்று. அதுவரை முன்கையில் என்ன இருந்தாலும் கோட்டுக்குள் இருந்தது; நோயாளி பார்த்ததில்லை, யாரும் கேட்டதுமில்லை. கோட்டைக் கழற்ற வைத்தது உங்கள் விதி. கழற்றிய பின் தெரிவதைப் பார்த்து முகம் சுளிப்பதும் உங்கள் கொள்கையாகவே இருக்கிறது. 2020-இல் வந்த வழிகாட்டுதலும் உடைக் கொள்கையை அந்தந்த வேலை தருநரின் பொறுப்பிலேயே விட்டதால், ஊருக்கு ஒரு நியாயம். ஓர் ஊரில் "புண்படுத்தக்கூடியவை மட்டும்" என்றிருக்கும், பக்கத்து ஊரில் "அனைத்தும்" என்றிருக்கும், இன்னொன்றில் "மேலாளரின் விருப்பப்படி" என்றிருக்கும்.

மூடு என்று எழுதுவது எளிது. மூடிப் பார்த்தால்தான் தெரியும். மணிக்கட்டிலிருந்து மேலே ஒரு சாண் நீளத்துக்கு வேல் ஒன்றோ அம்மாவின் பெயரோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வார்டு ரவுண்ட்ஸில் இருபது நோயாளிகள். ஒவ்வொருவரையும் தொடுமுன் ஒருமுறை, தொட்ட பின் ஒருமுறை ஆல்கஹால் ஜெல். ஆக நாற்பது முறை. ஒவ்வொரு முறையும் 20 முதல் 30 விநாடி மணிக்கட்டு வரை தேய்க்க வேண்டும். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கொரோனா கால வழிகாட்டுதல் வெறும் முன்கையையும் சேர்த்தே கழுவச் சொன்னது. தோலின் நிறத்துக்கு ஏற்ற மறைப்புக் கிரீமைப் பூசி, மேலே பவுடர் போட்டு இறுக்கினாலும், ஆல்கஹாலும் உராய்வும் சேர்ந்தால் அது மணிக்கட்டுப் பக்கமிருந்து கரையத் தொடங்கும். ஐந்தாவது கட்டிலுக்குப் போகும்போது கையில் பாதி வேல், பாதிச் சேறு. கரைந்தது எங்கே போகிறது? நோயாளியின் போர்வைக்கும் கையுறைக்குள்ளும்தான்.

கிரேப் பேண்டேஜ் சுற்றலாமா? துணி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நாலு கை கழுவலுக்குப் பின், எந்தச் சட்டைக்கையைக் கிருமி தங்கும் என்று தடை செய்தீர்களோ அதைவிட மோசமான ஒன்று கையில் தொங்கும். குழாய் போன்ற நெகிழ் பேண்டேஜும் அப்படியே. தொற்றுத் தடுப்புச் செவிலியர் பார்த்தால் உடனே கழற்றச் சொல்வார், சரியாகத்தான் சொல்வார். தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டினால் கழுவக் கழுவ ஓரம் சுருண்டு அழுக்குப் பிடிக்கும். தினமும் ஒட்டிப் பிய்த்தால் இரண்டே வாரத்தில் தோல் சிவந்து அரிக்கும். அரித்து வெடித்த தோலோடு நோயாளியைத் தொடக் கூடாது என்பதும் உங்கள் விதியே. கழுவலுக்கு ஓரளவு தாங்குவது மெல்லிய பிலிம் டிரெஸ்ஸிங். அது கண்ணாடி போல் இருப்பதால் உள்ளே இருப்பது பளிச்சென்று தெரியும். "தோல் நிறம்" என்று அட்டையில் அச்சிட்ட பிளாஸ்திரியோ எங்கள் கையில் ஒட்டினால் நாலு கட்டில் தள்ளியிருப்பவருக்கும் தெரியும். டாட்டூவைக் கவனிக்காத நோயாளிகூட, கையில் என்ன அடி டாக்டர் என்று கேட்பார்.

மிஞ்சுவது, முழங்கையிலும் மணிக்கட்டிலும் எலாஸ்டிக் வைத்த, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் மேலுறை. மத நம்பிக்கை காரணமாக முன்கையை மூட விரும்புவோருக்காக அதை 2010 வழிகாட்டுதல் ஏற்றுக்கொண்டது. நிபந்தனை, கையுறையைப் போலவே ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாகப் போட்டுக் கழற்றி எறிய வேண்டும். இருபது நோயாளிக்கு இருபது ஜோடி. அதை யார் வாங்கி வைப்பது, வார்டில் எந்த அலமாரியில் இருக்கும், இரவுப் பணியில் தீர்ந்துபோனால் என்ன செய்வது? கொள்கையில் ஒரு வரி கிடையாது. வேடிக்கை என்னவென்றால், உங்கள் விதிகள் இரண்டும் சண்டையின்றி ஒத்துப்போகும் இடம் ஆபரேஷன் தியேட்டர். முழங்கை வரை தேய்த்துக் கழுவி, மணிக்கட்டு வரை கிருமிநீக்கிய கவுன் அணிந்து, அதன் மேல் கையுறையை இழுத்துவிட்டால் ஒரு புள்ளியும் தெரியாது. அங்கே இருக்கும் நோயாளி பெரும்பாலும் மயக்கத்தில் இருப்பார்.

சரி, இதை உள்ளூர் மருத்துவர் கேட்கலாமே என்பீர்கள். கேட்பார். அவருக்கு வேலை போனால் வேறு வேலை. எங்களவருக்கு விசா உங்கள் ஸ்பான்சர்ஷிப்பில் தொங்குகிறது. வேலை போனால் வேறு ஸ்பான்சரைத் தேடப் பொதுவாகக் கிடைப்பது 60 நாள். சிறப்புப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டிய கிரெஸ்ட் சான்றிதழில், குறைந்தது 3 மாதம் மேற்பார்வை செய்த கன்சல்டன்ட் ஒருவர் கையெழுத்திட வேண்டும். சக பணியாளர்கள் பெயர் சொல்லாமல் எழுதும் மதிப்பீடும் இருக்கிறது. "தொழில்முறைத் தோற்றத்தில் கவனம் தேவை" என்று அதில் ஒருவர் எழுதிவிட்டால் அது கோப்பில் உட்கார்ந்துகொள்ளும். அதற்குக் காரணம் கையில் இருக்கும் டாட்டூவா, பேசும் உச்சரிப்பா, சரியாகச் சொல்ல வராத பெயரா என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது.

இவை எல்லாமே முதல் நாளில்தான் வெடிக்கின்றன. நேர்காணல் வீடியோவில் நடக்கிறது. அதில் எல்லோரும் கோட் சூட். கைகள் முதல்முதலாகத் தெரிவது பணி அறிமுகம் நடக்கும் இன்டக்‌ஷன் நாளில், ஸ்க்ரப்ஸ் எனும் அரைக்கை வார்டு உடை போட்ட பிறகு. அதற்குள் ஊரில் வேலையை விட்டு, விசாக் கட்டணம் கட்டி, வீட்டு அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்குப் பிளாப் தேர்வை நடத்திப் பதிவு கொடுக்கும் பிரிட்டன் பொது மருத்துவக் கவுன்சிலின் நன்னடத்தை வழிகாட்டி 2024 ஜனவரி 30 முதல் புதிய வடிவில் நடப்பில் இருக்கிறது. டாட்டூ பற்றித் தனி விதி அதில் இல்லை. சாமி வரம் கொடுத்தாகிவிட்டது. பூசாரிகளாகிய நீங்கள்தான் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஆகவே மீண்டும் கேட்கிறோம்: வேலைக் கடிதத்தோடு, எழுத்தில்.

நோயாளிகளின் நம்பிக்கை குறையும் என்பது நீங்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். புகைப்படத்தைக் காட்டி இந்த மருத்துவரை நம்புவீர்களா என்று கேட்ட ஆய்வுகளில் டாட்டூவுக்கு மதிப்பெண் குறைந்தது உண்மை. மருத்துவரே நேரில் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்போது என்ன ஆகிறது? அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் பார்த்தார்கள். 2018-இல் எமர்ஜென்சி மெடிசின் ஜர்னலில் முடிவு வந்தது. 7 மருத்துவர்கள் சில நாள் தற்காலிக டாட்டூ ஒட்டிக்கொண்டு, சில நாள் துளையணி (பியர்சிங்) அணிந்து, சில நாள் இரண்டோடும், சில நாள் எதுவும் இல்லாமல் பணி செய்தார்கள். 924 நோயாளிகளிடம் மருத்துவரின் திறமை, அக்கறை, நம்பகத்தன்மை பற்றிக் கேட்டார்கள். வித்தியாசம் இல்லை. வலியோடு வந்தவருக்கு, வலியைக் குறைப்பவரின் கையில் என்ன வரைந்திருக்கிறது என்பது பெரிய விஷயமாகப் படவில்லை.

எங்கள் பக்கத்துக்கும் சொல்ல வேண்டியது உண்டு. எல்லா டாட்டூவும் ஒன்றல்ல. பிள்ளையார் சுழியோடு ஸ்வஸ்திகாவைக் குத்திக்கொண்டவருக்கு அது மங்கலச் சின்னம். ஐரோப்பாவில், குடும்பத்தை நாஜி வதைமுகாமில் இழந்த ஒரு முதியவருக்கு இந்து வழிபாட்டைப் பாடமெடுத்துவிட்டு ரத்தம் எடுக்க முடியாது. அதை மூடச் சொன்னால் மூடத்தான் வேண்டும். விடுதலைப் புலிகள் இயக்கம் பிரிட்டனில் 2001 முதல் தடை செய்யப்பட்டது. அதன் சின்னத்தைக் கையில் வைத்துக்கொண்டு வார்டில் நிற்பது சட்டச் சிக்கலை விலைக்கு வாங்குவது. வெறும் புலிப்படம் வேறு கதை. விமானம் ஏறும் முன் "நினைவாக" ஒன்று குத்திக்கொள்ளும் வழக்கமும் வேண்டாம். ஆறாத டாட்டூ ஒரு திறந்த புண். மேல்தோல் மூடிக்கொள்ள இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை நீர் கசியும், பொருக்கு உதிரும், ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி குடியேறும். அந்த நிலையில் நோயாளியைத் தொடாதே என்றால் அது நியாயம்.

திருவிழாக் கடையில் ஒரே ஊசியில் பலருக்குக் குத்தும் இடத்தில் ஹெபடைடிஸ் பி, சி ஆபத்து உண்டு என்பதும் உண்மை. ஆனால் அறுவை சிகிச்சை போன்ற பணிகளுக்கு வருபவர்களுக்கு ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனையை உங்கள் பணியாளர் நலப் பிரிவே செய்கிறது. ரத்தத்தில் இல்லாத தொற்றை ஆறிய தோலின் மேல் தேட வேண்டியதில்லை.

அழித்துவிட்டு வாருங்கள் என்பதும் சொல்லப்படுகிறது. கருப்பு மைக்கு 1064 நானோமீட்டர் லேசர். ஆறு முதல் பத்து அமர்வு வரை, ஒவ்வொன்றுக்கும் இடையே 6 முதல் 8 வாரம். ஊரில் பாட்டிகளின் முன்கையில் இருக்கும் கரிப்பச்சை சீக்கிரம் மங்கும். கடையில் குத்திய பச்சை, நீல மைக்குக் குறைந்த அலைநீள லேசர் வேண்டும். அதை எங்கள் நிறத் தோலின் மெலனினும் உறிஞ்சுவதால் வெண்திட்டோ கருந்திட்டோ விழும். சிலருக்குத் தழும்பு தடித்துக் கீலாய்டாகும். ஒரு வருடத்துக்கு மேல் போகும் இந்த வேலையை, சேரும் தேதிக்கு மூன்று வாரம் முன்பு வரும் மின்னஞ்சலில் கேட்கிறீர்கள். "கண்ணுக்குத் தெரியும் டாட்டூ அனைத்தும்" என்று எழுதியவர், கதிரியக்க சிகிச்சைக்காக வைத்த புள்ளிகளையும், வெண்புள்ளிகளை மறைக்கச் செய்த நிறமேற்றத்தையும் யோசித்தாரா என்றும் தெரியவில்லை.

மனம் வேறு பக்கமும் போகிறது. பொது மருத்துவக் கவுன்சிலே கேட்டு வாங்கிய 2019 அறிக்கை ஒன்று இருக்கிறது. சிறுபான்மை இன மருத்துவர்களை வேலை தருநர்கள் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பும் விகிதம் வெள்ளையரைவிட இரு மடங்கு என்ற நிலையை ஆராய்ந்த அறிக்கை அது. அது கண்ட காரணங்களில் ஒன்று, மேலாளர்கள் சங்கடமான விஷயத்தை இவர்களிடம் நேரில், நேரத்தோடு சொல்வதில்லை என்பது. முகத்துக்கு நேரே புன்னகை, படிவத்தில் தோற்றம் சரியில்லை! முழங்கை வரை பூவும் டிராகனுமாக வரைந்திருக்கும் உள்ளூர்க் கன்சல்டன்ட் "தனித்துவமானவர்" ஆகிறார். அதே வார்டில் எங்கள் பெண் மருத்துவரின் மணிக்கட்டில் உள்ள ஓம் "கவனிக்க வேண்டியது" ஆகிவிடுகிறது. மருத்துவர்களுக்கு அளவான ஸ்க்ரப்ஸ் இல்லை, பை வைக்க லாக்கர் இல்லை, இரவு இரண்டு மணிக்குச் சூடான சோறு இல்லை. டாட்டூவுக்குக் கொள்கை மட்டும் இருக்கிறது.

மன்னிக்கவும், கோரிக்கைக்கு வருகிறோம். சட்டம் உங்கள் பக்கம் என்பது தெரியும். 2010 சமத்துவச் சட்டத்தின் கீழான ஊனம் பற்றிய விதிகள், டாட்டூவைக் கடும் உருக்குலைவு என்ற கணக்கில் சேர்க்க முடியாதபடி வெளிப்படையாகவே விலக்கியிருக்கின்றன. மதச் சின்னம் என்று வாதாடலாம். 60 நாள் கெடுவோடு யார் வாதாடுவது? ஆகவே உரிமை என்று அதட்டவில்லை, தயவுசெய்து என்றே கேட்கிறோம்.

வேலைக் கடிதத்தோடு ஒரே ஒரு பக்கம் இணையுங்கள். வெறுப்பு, ஆபாசம், தடை செய்யப்பட்ட அமைப்பு என எந்த வகைக்குத் தடை என்று பெயரிட்டு எழுதுங்கள். "பொருத்தமற்றது" போன்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். மூட வேண்டுமானால் எந்தப் பொருளால் என்று தொற்றுத் தடுப்புக் குழுவின் ஒப்புதலோடு குறிப்பிட்டு, அதை வார்டில் நீங்களே வையுங்கள். சேருமுன் படம் அனுப்பிக் கேட்க ஒரு முகவரியும், பத்து வேலை நாளுக்குள் எழுத்தில் பதிலும் வேண்டும். அந்தப் பக்கத்தை உள்ளூர்க் கன்சல்டன்ட்டுக்கும் அதே நாளில் அனுப்புங்கள். அடுத்த ஆகஸ்ட் மாதத்தில் சேரப் போகிறவர்களுக்கு இப்போதே கடிதங்கள் தயாராகிக்கொண்டிருக்கும். அவற்றோடு இது போனால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வார்டுகளில் பணியாற்றும், பணிக்கு வரக் காத்திருக்கும் தமிழ் மருத்துவர்கள் சிலர்