எல்விராவும் என் இரட்டைப் பின்னலும்

அன்புள்ள மகளுக்கு,

இதைத் தமிழில் எழுதுகிறேன். நீ தமிழ்ச்சோலைப் பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனையோ வருடம், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். மெதுவாக வாசி, அவசரமில்லை. பிரெஞ்சில் எழுதினால் தம்பி எட்டிப் பார்த்துவிடுவான். அதோடு, பிரெஞ்சில் எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்ததெல்லாம் மெட்ரோவில் யாரையாவது இடித்துவிட்டால் சொல்கிற அந்த ஒரு சொல்தான்.

நீ பார்க்கச் சொன்ன 'மித்தோ' என்ற பிரெஞ்சு ரீவித் தொடரின் முதல் ஆறு பகுதியையும் பார்த்து முடித்தேன். காது கேளாதவர்களுக்குக் கீழே எழுத்துப் போடுவார்களே, அதைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வீட்டுக்குள் இவர்கள் கதைக்கிற வேகம் இன்னும் எனக்குப் பிடிபடாது. பெயரைப் பார்த்ததும் ஏதோ புராணக்கதை என்று நினைத்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, நீயும் தம்பியும் சண்டை பிடிக்கும்போது ஒருவரை ஒருவர் பார்த்து "மித்தோ, மித்தோ" என்று கத்துவீர்கள். புளுகன். 'மித்தோமான்' என்ற பெரிய வைத்தியச் சொல்லைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாதியாக வெட்டி வைத்திருக்கிறார்கள்.

2019 ஒக்டோபரில் ஆர்ட்டே ரீவியில் இது ஓடியபோது இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அந்த வருடம் விடிய நான்கு மணிக்கு எழும்பி லா டிஃபோன்சுக்குக் கந்தோர் துடைக்கப் போய்க்கொண்டிருந்தேன். இரவு ஒன்பது மணிக்கே கண் செருகிவிடும்.

கதாநாயகி எல்விராவைப் பார்த்தவுடன் எனக்குப் பிடித்துவிட்டது. அடுக்கி வைத்தது போல வீடுகள் நிற்கிற ஒரு புறநகர், வேலை, மூன்று பிள்ளைகள், ஒரு மனுசன். எல்லாருக்கும் எல்லாவற்றையும் செய்கிறாள், ஒருவரும் அவளை நிமிர்ந்து பார்ப்பதில்லை. மார்பில் புற்றுநோயோ என்று பயந்து சோதனை செய்கிறாள். ஒன்றுமில்லை என்று முடிவு வருகிறது. வீட்டுக்கு வந்து, இருக்கிறது என்று சொல்லிவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. மிச்சமெல்லாம் அந்த ஒரு வசனத்தைக் காப்பாற்ற அவள் படுகிற பாடு.

இதை 'உமூர் நுவார்' என்று சொன்னாய், கறுப்புப் பகிடி. உன் அம்மம்மா இருந்திருந்தால் ரீவியை நிற்பாட்டியிருப்பார். இல்லாத வருத்தத்தை வாயால் சொன்னால் அது வந்து ஒட்டிக்கொள்ளும் என்று நம்பியவர். எனக்கும் முதல் பகுதியில் நெஞ்சு திக்கென்றது. ஆனால் இரண்டாவதில் என்னையறியாமல் சிரித்துவிட்டேன். வருத்தத்தைப் பார்த்து வந்த சிரிப்பு இல்லை அது. நேற்றுவரை கோப்பை கழுவாத வீடு இன்றைக்கு ஓடி ஓடிக் கழுவுகிறதே, அதைப் பார்த்து வந்தது. அந்த நடிகை மறினா ஹான்ஸுக்கு இதற்காக லில் நகரில் நடக்கும் சீரி மானியா என்ற ரீவித் தொடர் விழாவில் பரிசு கொடுத்தார்களாம். சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். எல்லாரும் அவளைக் கட்டிப்பிடிக்கும்போது அந்த முகத்தில் ஒரு சந்தோசம் வரும், அதன் பின்னாலேயே பயமும் வரும். இரண்டும் ஒன்றாக நிற்கும்.

ஒரு குறையும் சொல்லவேண்டும். இந்த நாட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் எவ்வளவு கடதாசி வரும்! வைத்தியர் நிரப்புகிற பத்திரம், நூறு வீதச் செலவும் காப்புறுதி ஏற்கிறது என்ற கடிதம், அது இது என்று தபால்பெட்டி நிரம்பிவிடும். "இதெல்லாம் எங்கே? ஒருத்தரும் கேட்கமாட்டார்களா?" என்று ரீவியைப் பார்த்துக் கேட்டேன். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்று நான் நினைத்த அப்பா கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "வீட்டு ஆம்பிளையள் எப்ப கடிதம் பிரிச்சவங்கள்?"

எல்விராவின் மனுசனாக நடிக்கிற மத்தியூ தெமியை அப்பாவுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. பாவம், நல்ல ஆள் என்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

'ஷார்ஜ் மோந்தால்' என்று நீ அடிக்கடி சொல்வாயே, வீட்டில் எது எப்போது செய்யவேண்டும் என்று ஒருத்தியே மண்டைக்குள் சுமக்கிற மண்டைச் சுமை, அதைப் பற்றித்தான் இந்தக் கதை என்று எழுதியிருந்தாய். 1984இலேயே மோனிக் ஐக்கோ என்ற சமூகவியலாளர் இதைப் பற்றி எழுதினார் என்றும், 2017இல் எமா என்ற பெண் படம் போட்டு விளக்கிய பிறகுதான் வீடுவீடாகத் தெரியவந்தது என்றும் சொன்னாய். அந்தப் படக்கதைக்குப் பெயரே 'கேட்டிருக்க வேண்டியதுதானே' என்பதாமே. அதைக் கேட்டுத்தான் நான் அதிகம் சிரித்தேன். எங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டவேண்டிய வசனம். நீ பிறந்தபோது அப்பாவுக்குக் கிடைத்தது மூன்று நாள் லீவு. அதில் ஒரு நாள் மேரியில், அதுதான் நகரசபையில், உன் பிறப்பைப் பதியப் போய்விட்டது. 2021 யூலையிலிருந்து 28 நாள் கொடுக்கிறார்கள். உன் காலத்துக்கு அது உதவட்டும்.

சரி, சொல்லவந்ததற்கு வருகிறேன்.

போன கிழமை அந்த ரோசாப்பூ நிறக் கடிதம் திரும்ப வந்தது. ஐம்பதிலிருந்து எழுபத்துநான்கு வயதுவரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மார்பைப் படமெடுக்கக் கூப்பிடுவார்கள், காசு கட்டத் தேவையில்லை. போனமுறை நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். முதல் வைத்தியர் சரி என்று அனுப்பிய படத்தை இரண்டாவது வைத்தியர் ஒருவரும் பார்ப்பார், அதுதான் இங்கே ஒழுங்கு. அவர் எதையோ கண்டு திரும்ப வரச் சொன்னார். அந்த இரண்டு கிழமையும் நான் பட்ட பயம் பொய்யில்லை. அதை நம்பு.

செவ்வாய்க்கிழமை ஸ்கான். வயிற்றில் நீ இருந்தபோது பூசின அதே குளிர்ந்த களி. பார்த்த பிள்ளைக்கு உன் வயதுதான் இருக்கும். திரையை என் பக்கம் திருப்பி, கறுப்பாக ஒரு வட்டத்தைக் காட்டி, "நீர்க்கட்டி, மடாம், ஒன்றுமில்லை, உடுப்பைப் போடுங்கள்" என்றாள். அங்கேயே, அந்தக் கட்டிலில் வைத்தே சொல்லிவிட்டாள். வெளியில் வந்து பாண் வாங்கினேன். வரும் வழியெல்லாம் சூடாக இருந்த அதன் முனையைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டு வந்தேன்.

கதவைத் திறந்தது அப்பா. கையில் தேத்தண்ணீர். கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் நான் கேட்காமல் அவர் போட்ட முதல் தேத்தண்ணீர். மூன்று கரண்டி சீனி போட்டிருப்பார், பாணிமாதிரி இருந்தது. என் பையை வாங்கிக் கொழுவிவிட்டு, "என்ன சொன்னவை?" என்றார்.

"இன்னும் சொல்லேல்லை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளக்கத் தெரியவில்லை. யோசித்துச் சொன்னதில்லை. அந்தக் கோப்பை முடியட்டும், பிறகு சொல்வோம் என்று நினைத்தேன். கோப்பை முடிவதற்குள் உன் போன் வந்தது. உனக்கும் அதையே சொன்னேன். தம்பி அன்றைக்குச் சொல்லாமலே குப்பை வாளியைக் கீழே கொண்டுபோனான்.

சனிக்கிழமை நீ துலூசிலிருந்து வந்தாய். மொன்பர்னாசில் இறங்கி நேரே வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கூடச் சரியாகக் கழற்றாமல் என்னைப் பார்த்தாய். பின்னேரம் நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு சோபாவில் இருந்து, என்னைக் கீழே இருக்கச் சொன்னாய். உனக்கு இரட்டைப் பின்னல்தான் தெரியும், ஏனென்றால் நான் உனக்குப் போட்டுவிட்டது அதுதான். ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் எலிவால். ஐம்பத்தாறு வயதுப் பொம்பிளை, பள்ளிக்கூடப் பிள்ளைமாதிரி இரட்டைப் பின்னலோடு இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தேன். நீங்கள் மூன்று பேரும் பகிடி பண்ணவில்லை. அதுதான் எனக்குப் பயமாகப் போனது. வேறு நாளென்றால் தம்பி போட்டோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பியிருப்பான்.

அன்றிரவே சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஸ்டேசனில் சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமைதான் போன் எடுத்து, "முடிவு வந்தது, ஒன்றுமில்லை" என்றேன். நீ வேலையிடத்தில் நின்றாய். ஒன்றும் பேசவில்லை, பிறகு அழுதாய். விக்கி விக்கி அழுதாய். பக்கத்தில் யாரோ உன்னை ஆற்றுவது எனக்குக் கேட்டது. ஆறு நாள் நீ அதை உள்ளுக்குள் அடக்கி வைத்துக்கொண்டு என் தலையை வாரியிருக்கிறாய்.

எல்விரா சொன்னதோடு பார்த்தால் என்னுடையது சின்னப் பொய் என்று எனக்கு நானே சொல்லிப்பார்த்தேன். ஐந்தாவது பகுதி பார்க்கும்போது அது எடுபடவில்லை. நிற்பாட்டிவிட்டுக் குசினிக்குப் போய் நின்றேன்.

நீ இந்தத் தொடரை எனக்கு அனுப்பியது ஏதாவது தெரிந்தா, தெரியாமலா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். தெரிந்து அனுப்பியிருந்தால் அதையும் சொல். தெரியாது என்றால் கோபப்படு, நான் கேட்டுக்கொண்டிருப்பேன். 2021இல் வந்த இரண்டாவது பருவமும் இருக்கிறதாமே. அதை நீ வரும்போது பார்க்கலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று. அப்பாவிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே. அந்தச் செவ்வாய்க்கிழமை தொடங்கியவர், இன்றுவரை ஒவ்வொரு நாளும் காலையில் எனக்குத் தேத்தண்ணீர் போடுகிறார். சீனி இன்னும் மூன்று கரண்டிதான்.

அன்புடன்,
அம்மா